நடுவில் நின்று நேராகப் பார்த்தவன்

போட்டோவில் சிரிக்காமல் நின்றால் வயது தெரியாது என்று நம்பினேன். நாற்பத்தேழு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிக்கிற வேலை. அப்படிப்பட்டவன் இதை மனதார நம்பினேன். சிரித்தால் கண்ணோரம் கோடு விழும், கன்னம் தொங்கும், கடைவாயில் கட்டின பல் மின்னும். சிரிக்காவிட்டால் முப்பத்தைந்து சொல்லலாம். வெளிச்சம் கம்மியாக இருந்தால் முப்பது.

இந்த ஞானம் எனக்கு வரக் காரணம், அப்போது நான் ஒரு இண்டி ராக் பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். இண்டி ராக் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய கம்பெனி எதுவும் சீண்டாத சங்கீதம். சீண்டவில்லை என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். என்னைச் சேர்த்து ஐந்து பேர். மற்ற நால்வரும் என் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள், எல்லோருக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு. அவர்களுடைய பேஸ் வாசிப்பவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். நான் செங்கல்பட்டில் எங்கள் கிறிஸ்தவ சபைப் பாடகர் குழுவில் பேஸ் கற்றவன். அதற்குப் பிறகு பத்து வருஷம் சனி, ஞாயிறுகளில் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தேன். முதலாவதை அவர்களிடம் சொன்னேன். இரண்டாவதை, கொலைக்குற்றத்தை மறைப்பதுபோல் மறைத்தேன்.

ஆர்கெஸ்ட்ரா போட்டோ எப்படி இருக்கும் தெரியுமா? எல்லோரும் ஒரே நிறத்தில் கோட், அதில் ஜிகினா. எல்லோரும் சிரிப்பார்கள். பாடகி ரோஜாப்பூவுக்குள் இருந்து எட்டிப் பார்ப்பார். பின்னால் நீர்வீழ்ச்சி. சபை போட்டோ அதைவிடச் சுலபம், வெள்ளைச் சட்டை, "எல்லாரும் கேமராவப் பாருங்க, ஸ்தோத்திரம்" என்றதும் க்ளிக். முப்பது வருஷமாக என் கழுத்துக்கு இதுதான் பயிற்சி.

இண்டி ராக்கில் எல்லாமே நேர் எதிர். சிரிக்கக் கூடாது. கேமராவைப் பார்க்கக் கூடாது. ஒருவன் பார்க்கிற திசையை இன்னொருவன் பார்க்கக் கூடாது. ஒருவனை ஒருவன் தொடக் கூடாது, ஐந்து பேருக்கும் நடுவில் பங்காளிச் சண்டை நடக்கிற மாதிரி இடைவெளி வேண்டும். இடிந்த சுவர் வேண்டும். சட்டை பழசாக இருக்க வேண்டும், ஆனால் தன்னுடைய பழசாக இருக்கக் கூடாது. எங்கள் பாடகனுடைய அப்பாவுக்கு அடையாறில் மூன்று மாடி வீடு. அவன் போட்டிருந்த சட்டை, யாரோ ஒரு தாத்தா செத்ததும் வீட்டில் கொடுத்தனுப்பியதுபோல் இருக்கும். அதைத் தேடிப்பிடித்து வாங்கினேன் என்பான். என்னிடமும் ஒரு சட்டை இருந்தது, பதினெட்டு வருஷமாக நானே உடுத்திப் பழசாக்கியது. அதைப் போட்டுக்கொண்டு போனேன். "அண்ணா, இது சும்மா பழசா இருக்கு" என்றான்.

பேண்டில் நன்றாகத்தான் வாசித்தேன். எட்டு மாதம் ஒழுங்காகப் போயிற்று. ஒருநாள் ஆபீஸ் கேன்டீனில், தூணுக்கு இந்தப் பக்கம் நான் தயிர்சாதம் தின்றுகொண்டிருக்கிறேன், அந்தப் பக்கம் பாடகன் டிரம்மரிடம் சொல்கிறான்: "வாசிக்கிறாரு மச்சான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஸ்டேஜ்ல அவரப் பாத்தா கல்யாண ரிசப்ஷன் மாதிரி இருக்குடா."

தட்டைத் தள்ளி வைத்தேன். என்னைக் கழற்றி விட்டுவிடுவார்கள். அந்த எட்டு மாதம்தான் என் வாழ்க்கையில் நான் யாருக்கும் மேனேஜராகவோ, அப்பாவாகவோ, ஈஎம்ஐயாகவோ இல்லாத காலம். செவ்வாய், வியாழன் சாயங்காலம் கேளம்பாக்கத்தில் எடுத்திருந்த அறையில் இரண்டு மணி நேரம் வாசித்தால், வியாழன் முடிந்ததும் அடுத்த செவ்வாய்க்காக உயிரோடு இருப்பேன். அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது ஓஎம்ஆர் டிராஃபிக்தான்.

உடனே மானஸ்தன் என்ன செய்வான்? நேராகப் போய்க் கேட்பான். நான் தலைக்கு மை அடித்தேன். தாடி வளர்த்தேன், அது பாதி நரைத்து வந்தது, அதற்கும் மை அடித்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சிரிக்காமல் இருக்கப் பழகினேன். உதட்டை மூடி, கண்ணைக் கொஞ்சம் சொருகி, வாழ்க்கையில் சலித்துப்போனவன் மாதிரி. நான் நிஜமாகவே வாழ்க்கையில் சலித்துப்போனவன்தான், ஆனால் அது முகத்தில் வரமாட்டேன் என்றது. என் மனைவி கதவைத் தட்டாமல் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாயா, மூலம் கீதா?"

"இல்லடி, இது ஒரு லுக்கு."

"பேதி மாத்திர போட்டுகினு பஸ்ல மாட்னவன் மாரி கீது உன் லுக்கு."

அந்தச் சமயத்தில்தான் பேண்டுக்குப் போட்டோ எடுப்பது என்று முடிவானது. கோவளத்தில், கடலில் பலகை வைத்துச் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்தை ஒட்டி ஒரு கஃபே. அங்கே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் முதல் ஆல்பத்தின் வெளியீடு, ஏழு பாட்டு. அதற்கு அட்டைப்படம் வேண்டும். பாடகனுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி போட்டோ எடுப்பவள். அவள் டிஜிட்டல் கேமராவைத் தொட மாட்டாள். பழைய ஃபிலிம் கேமரா, ஒரே சுருள், முப்பத்தாறு படம். எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று கழுவி வரும்வரை அவளுக்கே தெரியாது. அதுதான் அதன் அழகாம்.

மாமல்லபுரத்துக்குப் போனோம். கடற்கரைக் கோயில் பக்கம் போகவில்லை, அது டூரிஸ்ட்டுக்கு. சிற்பப் பட்டறைகள் இருக்கிற தெருவில் ஒன்றுக்குப் பின்னால், வேலை பாதியில் நின்ற சிலைகளைப் போட்டுவைத்திருந்த இடம். மூக்கில்லாத பிள்ளையார், கண் திறக்காத அம்மன், தலை மட்டும் முடிந்த நந்தி. எல்லாவற்றின் மேலும் கருங்கல் தூள். பாடகனுக்குக் கண் கலங்கியது. "இதான் நம்ம மியூசிக்" என்றான்.

நடுப்பகல். நாங்கள் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றோம். முகக்கவசம் போட்டுக் கல் அறுத்துக்கொண்டிருந்த ஒருவர் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"இன்னா தம்பிங்களா, ஆளாளுக்கு ஒரு பக்கம் பாத்துகினு கீறீங்க. எதுனா காணாப் பூட்ச்சா?"

நால்வரும் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாத்த, வண்டி உன்துதான? கொஞ்சம் தள்ளி வுடு, லோடு வருது."

நான் டிரைவர் என்று நினைத்துவிட்டார். இதில் கொடுமை என்னவென்றால், வண்டி என்னுடையதுதான், ஓட்டி வந்ததும் நான்தான். போய்த் தள்ளி விட்டுவிட்டு வந்தேன்.

போட்டோ எடுப்பவள் என்னை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தவித்தாள். முதலில் ஓரத்தில். அப்புறம், "அண்ணா, வயிறு ஃப்ரேமுக்குள்ள வருது, கொஞ்சம் பின்னாடி போங்களேன்." போனேன். "இன்னும் கொஞ்சம்." போனேன். "அந்த நந்திக்குப் பின்னாடி நின்னீங்கன்னா கரெக்டா மறைச்சிடும்." நின்றேன். வயிறு போயிற்று, தோளும் தலையும் மிச்சம். மற்ற நால்வரும் முன்னால் இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவராகச் சிதறி உட்கார்ந்தார்கள். தள்ளித் தள்ளி என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தினாள் என்பதை அவள் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. நான் உதட்டை மூடுகிற வேலையில் இருந்தேன்.

முப்பத்தைந்து படத்துக்குக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக. கடைசிப் படத்துக்கு அவள் "ரெடி" என்றாள். முப்பது வருஷப் பழக்கம், கழுத்து தானாகத் திரும்பியது.

ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. முப்பத்தைந்தில் யாராவது ஒருவனுக்குக் கண் மூடியிருந்தது, அல்லது மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தான். நால்வரும் நன்றாக விழுந்திருந்தது அந்தக் கடைசிப் படத்தில் மட்டும்தான். நால்வரும் நான்கு பக்கம் பார்க்கிறார்கள், ஒவ்வொருவன் முகத்திலும் உலகத்துச் சோகம். சரியாக நடுவில், நந்தியின் கொம்புகளுக்கு மேலே, நான். வாயை இறுக மூடிக்கொண்டு, நேராக, ரேஷன் கார்டு போட்டோவில் பார்ப்பதுபோல் உங்களைப் பார்க்கிறேன்.

"ஓரத்துல நின்னிருந்தா வெட்டியிருக்கலாம்ணா" என்றாள் அவள், உண்மையான வருத்தத்தோடு. "நடுவுல நின்னுட்டீங்க."

இன்னும் ஒரு வாரம் போயிற்று. வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால், மேடைக்குப் பின்னால் தொங்கவிட வேண்டிய திரையைக் கையால் வரைந்து தருவதாகச் சொன்ன ஓவியன் கைவிரித்துவிட்டான். பாடகன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் துடிக்கிறவன் இந்த மாதிரிச் சமயத்துக்குத்தானே காத்திருப்பான்? நான் குதித்தேன்.

"செங்கல்பட்டுல எனக்குத் தெரிஞ்ச ஃப்ளெக்ஸ் கடை இருக்கு. ஒரே நாள்ல அடிச்சிடுவாங்க."

"ஃப்ளெக்ஸா? லோக்கலா இருக்குமேண்ணா."

"கறுப்பு வெள்ளைதான? நான் பாத்துக்கறேன்."

எனக்குத் தெரிந்த கடை என்று சொன்னேனே, எனக்குத் தெரிந்தது கடையின் போர்டில் இருந்த வாட்ஸ்அப் எண் மட்டும்தான். வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸிலிருந்தே அனுப்பினேன்: படம். எட்டுக்குப் பத்து அடி. கறுப்பு வெள்ளை. அடியில் எங்கள் பேண்டின் பெயர், ஆங்கிலத்தில். கோவளம் கடற்கரை, சனிக்கிழமை மாலை ஐந்து மணி. காலையில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அவசரம். எங்கள் தெரு முகவரி. அந்தப் பக்கத்திலிருந்து கும்பிடுகிற கை ஒன்று வந்தது. தொழில்பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். எங்கள் தெருமுனையில் கூட்டம். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில், எட்டுக்குப் பத்து, நான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

மேலே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. இரண்டு மூலையிலும் இமையோடு ஒரு கண், அதிலிருந்து சொட்டும் நீர். என் தலையைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒரு வளையம். எந்த மதம் என்று தெரியாததால் கடைக்காரர் பாதுகாப்பாக ஒரு பக்கம் குத்துவிளக்கும் மறுபக்கம் சிலுவையும் வைத்திருந்தார். நால்வரும் இருபுறமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அடியில் "இவண்" என்று போட்டு எங்கள் பேண்டின் பெயர். நல்லடக்கம்: கோவளம் கடற்கரை, மாலை ஐந்து மணி. யாரோ அதற்குள் ஒரு சாமந்தி மாலையும் கட்டிவிட்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"யோவ், இன்னாய்யா நீ, உசிரோட கீறியா?"

அதில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம் தூக்கலாக இருந்தது. பின்னால் விசாரித்ததில், நான் செத்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அந்த காரு நிறுத்துற எடம்?" என்பதாம்.

"அடக்கம் ஏன்யா கோவளத்துல வெச்ச? நம்ம கல்லறத் தோட்டத்துக்கு இன்னா கேடு?" என்று சபைச் செயலாளர் போனில் கத்தினார். நான்தான் எடுத்தேன் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "சரி, அப்ப நாளைக்கு ஆராதனைக்கு வந்துடு, பேஸ் வாசிக்க ஆளில்ல" என்று வைத்துவிட்டார்.

என் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. நான் மீன் வாங்கப் போனது அவளுக்குத் தெரியும்.

"கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பாத்தியே, இதுக்குத்தானா?" என்றாள். "மீன குடு, நாறுது."

ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் பதறவே இல்லை, பொறுமையாக விளக்கினார்.

"அண்ணே, நீங்க அனுப்ச்சது கருப்பு வெள்ள. எவன் மூஞ்சிலயும் சிரிப்பு இல்ல. அஞ்சு பேர்ல ஒருத்தர்தான் நேரா பாக்குறாரு, நடுவுல கீறாரு. மிச்ச நாலு பேரும் மூஞ்ச திருப்பிகினு கீறாங்க. இருபது வருசமா இந்தத் தொழில் பண்றேன். நேரா பாக்குறவன்தான்ணே பாடி."

"வீட்டுக்குக் குடுத்தனுப்புன்னுதான சொன்னேன், தெருவுல ஏன் கட்டுன?"

"சாவு வூட்ல எவன்ணே மரத்துல ஏறுவான்? கட்டித் தர்றது நம்ம வழக்கம்."

அவருடைய தர்க்கத்தில் ஒரு ஓட்டைகூட எனக்கு அகப்படவில்லை.

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் அதை இறக்கிச் சுருட்டி, கொல்லையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான். எனக்கு வாய்த்த நாக்கு வேறு. பாடகன் என்ன சொல்வானோ என்று பயந்துகொண்டிருக்கும்போதே, சிரிக்கவைத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு குரங்குப் புத்தி. ஃப்ளெக்ஸுக்குக் கீழே மீன் பையோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்தேன், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. "பேண்டுக்காக உயிரையே கொடுத்துட்டேன்" என்று எழுதி எங்கள் குரூப்பில் போட்டேன்.

நான்கு பேரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலக்குறி காட்டியது. பதில் இல்லை. பத்து நிமிஷம் போயிற்று. தலையில் அடித்த மை நெற்றியில் வழிந்து இறங்குவதை அப்போதுதான் உணர்ந்தேன். போன் அடித்தது, பாடகன்.

"அண்ணா." குரல் நடுங்கியது. "இது வேற லெவல்ணா."

"எது?"

"இத நம்ம யோசிச்சுப் பண்ணியிருந்தாக்கூட இப்படி வராது. அந்தக் கண்ணு, அந்தத் தண்ணி, அந்த விளக்கு. எவ்ளோ ஒரிஜினலா இருக்கு! ஆல்பம் கவரே இதான். மத்தவங்களும் ஓகே சொல்லிட்டாங்க. கழட்டிட்டீங்களா?"

"கழட்டிடறேன், இதோ..."

"கிழிச்சிடாதீங்க. பத்திரமா எடுத்துட்டு வாங்க, ஸ்டேஜ்ல இதத்தான் கட்டப்போறோம். அந்த மாலையையும் கொண்டாங்க."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேண்டாதவனாக நந்திக்குப் பின்னால் நிறுத்தப்பட்டவன், அட்டைப்படத்துக்கே நடுநாயகம். இனி என்னை எப்படி விடுவார்கள்?

"அப்புறம்ணா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். "நீங்க ஸ்டேஜுக்கு வர வேணாம்."

"ஏம்பா?"

"பின்னாடி உங்க அஞ்சலி தொங்குது. முன்னாடி நீங்களே நின்னு வாசிச்சா எப்படிண்ணா? ஜோக் ஆயிடும். நீங்க இல்லாம இருந்தாத்தான் அதுக்கு அர்த்தம்."

"அப்ப பேஸ் யாரு வாசிக்கிறது?"

"போட்டோ எடுத்தாளே, அவ தம்பி."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஷோ. இப்ப மணி பத்து. ஏழு பாட்ட அவன் எப்பக் கத்துக்குவான்?"

அந்தப் பக்கம் ஒரு கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

"அவன் மூணு வாரமா பழகிட்டுதான் இருக்காண்ணா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்..."

மாமல்லபுரம் போய் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அப்படியானால் அன்றைக்கே என் இடத்துக்கு ஆள் தயார். பின்னே என்னை எதற்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவர்களுக்கு என் வண்டி வேண்டியிருந்தது.

சண்டை போடலாம். "என் மூஞ்சி, என் ஃப்ளெக்ஸ், தர மாட்டேன்" என்று சொல்லலாம். எனக்கு ஓடிய யோசனை என்ன தெரியுமா? இப்போது முறைத்துக்கொண்டால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். தன்மையாக இருப்போம், அந்தத் தம்பி சொதப்புவான், அடுத்த செவ்வாய்க்கிழமை கூப்பிடுவார்கள். "பரவால்லப்பா, நல்ல ஐடியா" என்று சொன்னேன். அதோடு விட்டேனா? "ஆம்ப்ளிஃபயர் என் வண்டியிலதான் இருக்கு, நானே கொண்டாந்துடறேன்" என்றும் சொன்னேன்.

மாலையைத் தண்ணீர் தெளித்துப் பாலிதீன் பையில் போட்டுத் தந்தவள் என் மனைவி. "செத்த பின்னாடியும் சுமை தூக்கற ஒரே ஆளு நீதான்யா" என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், ஈசிஆரில் ஏறி, நான்கு மணிக்குக் கோவளம் சேர்ந்தேன். என் ஃப்ளெக்ஸின் கயிற்றை நானே பிடித்துக் கொடுத்தேன். மாலையை நானே நேராக்கினேன். ஐந்து மணிக்கு நூறு பேர்போல் கூடியிருந்தார்கள், எல்லோரும் யாருடைய தாத்தாவின் சட்டையையோ போட்டிருந்தார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், சறுக்குப் பலகைகளை அடுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டேன்.

புதியவன் மெலிந்தவன். நன்றாகத் தலையைக் குனிந்துகொண்டான், முடி கண்ணில் விழுந்தது. முதல் பாட்டின் நான்காவது வரியில் ஒரு கடினமான இறக்கம் உண்டு, அங்கே விழுவான் என்று காத்திருந்தேன். விழவில்லை. இரண்டாவது பாட்டிலும் காத்திருந்தேன். தேவனுக்கு முன்னால் சொல்கிறேன், மூன்றாவதில் அவன் தந்தி அறுந்து போகட்டும் என்று ஜெபம் பண்ணினேன்.

நான்காவது பாட்டுக்கு முன்னால் பாடகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மணலைப் பார்த்தான். "இது, இன்னிக்கு எங்களோட இல்லாத ஒருத்தருக்கு" என்றான். கூட்டம் கப்பென்று அடங்கிற்று. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் தோழியிடம், "அய்யோ பாவம், பழைய பேஸிஸ்ட் போலடி. எவ்ளோ வயசானவரு" என்றாள். அவள் திரும்பியபோது என் முகம் அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. "எக்ஸ்க்யூஸ் மீ அங்கிள்" என்று என்னைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள்.

எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து நின்றால் நன்றாக இருக்காதே என்று நானும் குனிந்தேன்.

ஏழு பாட்டையும் வாசித்தார்கள். புதியவன் ஒரு இடத்திலும் தப்பவில்லை. இரண்டு இடத்தில் என்னைவிட நன்றாக வாசித்தான். ஆறு மணிக்குக் கூட்டம் கலைந்தது. ஆம்ப்ளிஃபயரை என் வண்டியில் ஏற்றிக் கேளம்பாக்கத்து அறையில் இறக்கி வைத்துவிட்டு, என்னிடம் இருந்த அறைச் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.